செய்திக்குத் தமிழ் தந்த பெருமகன் ஜி. சுப்பிரமணிய ஐயர்

நல்லம்பள்ளியில் கவிதைக்கென்று கூடிய நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் ஒரு பத்திரிகையாளரின் வரலாறு எதற்கு என்று அன்பர்கள் கேட்கக்கூடும். இன்று நாம் எழுதும் எளிய உரைநடை எந்தப் பட்டறையில் வடிக்கப்பட்டது என்று எண்ணிப் பார்த்தால் விடை தானே கிடைக்கும்.

காவிரிக் கரையிலுள்ள திருவையாற்றில் 1855 ஜனவரி 19-ஆம் நாள் பிறந்தார் சுப்பிரமணிய ஐயர். தந்தையார் வழக்கறிஞர். கல்வி முடித்துச் சென்னையில் ஆசிரியப் பணி ஏற்றார். 1878-இல் முத்துசாமி ஐயர் உயர்நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டபோது, ஆங்கிலேயர் நடத்திய ஏடுகள் அதனை இழித்து எழுதின. மறுமொழி கூற நம்மவர்க்கு ஏடு இல்லை. திருவல்லிக்கேணி இளைஞர் அறுவர் ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் பெற்று, அவ்வாண்டு செப்டம்பர் 20-இல் 'இந்து' வார இதழைத் தொடங்கினர். முதல் இதழ் எண்பது படிகளே. ஆசிரியப் பொறுப்பு ஐயருடையது. 1889-இல் அது நாளிதழாயிற்று.

ஆங்கிலம் அறிந்த சிலரோடு செய்தி நின்றுவிடலாகாது என்று கருதிய அவர், 1882-இல் 'சுதேசமித்திர'னைத் தமிழில் தோற்றுவித்தார். 1885-இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் அவரே.

எழுதியதை வாழ்ந்து காட்டிய நெஞ்சுரம் அவருக்கு இருந்தது. இளமையிலேயே கைம்பெண்ணான தம் மகளுக்கு 1889-இல் பம்பாயில் மறுமணம் செய்வித்தார். உற்றார் விலகினர். சீர்திருத்தத்தில் அவர் காட்டிய வேகம் பங்காளிக்கு ஒவ்வவில்லை. 1898-இல் தாம் வளர்த்த 'இந்து'வை விட்டு வெளியேறினார். கையில் எஞ்சியது தமிழ் ஏடு ஒன்றே. அடுத்த ஆண்டே அதனை நாளிதழாக்கினார்!

நாட்டின் வறுமைக்குக் கணக்கு வேண்டும் என்பது அவர் கொள்கை. இந்தியச் செலவினங்களை ஆராய்ந்த வெல்பி குழுவின் முன் 1897-இல் இலண்டனில் சாட்சியம் அளித்தார். ஆங்கிலேய ஆட்சியின் பொருளாதார விளைவுகளைப் பற்றி 1903-இல் நூலும் வெளியிட்டார்.

நாளேடு என்பது நாள்தோறும் தேர்வு எழுதுவது போன்றது. இன்று வந்த தந்தியை நாளை வரும் தந்தி மறுக்கலாம். முடிவு தெரியுமுன்னரே எழுத வேண்டும். வதந்தியையும் விலக்க வேண்டும். 1904-இல் ருசிய ஜப்பானியப் போர் மூண்டது. 1905-இல் வங்கம் பிரிக்கப்பட்டது. 1906 அக்டோபரில் சென்னையின் அர்பத்நாட் வங்கி முறிந்து, பலருடைய வாழ்நாள் சேமிப்பு அழிந்தது. போரும் வரியும் வங்கி முறிவும் பழந்தமிழ்ப் புலவர் பாடிவைத்த சொற்களுக்குள் அடங்குவன அல்ல. அவற்றைத் திண்ணையில் இருப்பவர்க்கும் விளங்கச் சொல்லும் நடை நாளேட்டு மேசையில்தான் பிறந்தது. அம்மேசையில் 1904-இல் உதவியாசிரியராக அமர்ந்து ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கியவர் சுப்பிரமணிய பாரதி. கவிஞர்களாகிய நாம் ஐயருக்குப் பட்ட கடன் இது.

1908-இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் சிறைப்பட்டனர். நம் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் பின்னாளில் உயிர்நீத்த அதே சிவாதான். அவ்வாண்டு ஐயரும் குற்றாலத்தில் இராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார். கொடிய தோல்நோய் அவரை வருத்திய காலம் அது. உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து வெளிவந்தார். இதனைக் குறையென்பாரும் உளர். உடல் அழுகும் நோயோடு எழுதியவரை, நலத்தோடு இருக்கும் நாம் எளிதில் எடைபோடலாகாது.

1916 ஏப்ரல் 18-இல் அவர் மறைந்தார். அன்றாடம் எழுதியவை அன்றே பழையவாயின. ஆனால், நாட்டு நடப்பைத் தமிழில் தெளிவாகச் சொல்ல முடியும் என்று அவர் மெய்ப்பித்தது பழையதாகவில்லை. தம் பெயர் நிலைக்க வேண்டுமென்று எழுதும் நமக்கு, நாளை மறக்கப்படும் வரியையும் நேர்மையாக எழுதிய அப்பெருமகன் வாழ்வு வழிகாட்டுவதாக!