யார் இந்த அய்யா வைகுண்டர்? கடைக்காரரின் நம்பிக்கையும் 15(2)-ம் நாஞ்சில் நாட்டுக் கிணறும்

கடை என்னுடையது, நம்பிக்கையும் என்னுடையது. அப்படியானால் யாருக்கு விற்பது, யாருக்கு மறுப்பது என்பதையும் நானே முடிவு செய்யலாமா? அமெரிக்காவில் இந்தக் கேள்வி ஒரு கேக்கில் வந்து நின்றது. கொலராடோ மாகாணத்தில் ஒரு பேக்கரிக்காரர், மத நம்பிக்கையைக் காரணம் காட்டி, ஆண் இணை ஒன்றின் திருமணத்துக்கு கேக் செய்துதர மறுத்தார். 2018-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால், மாகாண ஆணையம் அவருடைய நம்பிக்கையை மரியாதையில்லாமல் கையாண்டது என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். மையக் கேள்விக்கு முழுப் பதில் வரவில்லை.

இந்தியாவில் இந்தக் கேள்வியைத் தொடங்க வேண்டிய இடம் வேறு. இங்கே சேவை மறுப்பு முதலில் வந்தது கேக்குக்கு அல்ல, தண்ணீருக்கும் தெருவுக்கும். அதை 19-ம் நூற்றாண்டிலேயே எதிர்த்து நின்ற ஒருவரின் கதை கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது.

பெயருக்கே தடை

1809-ல், இன்று சாமித்தோப்பு எனப்படும் ஊரில், நாடார் குடும்பத்தில் பிறந்தவர் வைகுண்டர். பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைக்கு முடியும் பெருமாளுமா என்று மேல்சாதியினர் எதிர்த்ததால், பெயர் முத்துக்குட்டி என்று மாறியதாகச் சொல்லப்படுகிறது.

அன்றைய நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினர் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, பொன் நகை அணியக் கூடாது. பெண்கள் மேலாடை அணியவும் தடை. கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்க முடியாது, பொதுக் கிணற்றை நெருங்க முடியாது. கூலியில்லாத ஊழிய வேலை வேறு. இதெல்லாம் யாரோ சிலரின் முரட்டுத்தனம் மட்டும் இல்லை. வழக்கம் என்றும் தர்மம் என்றும் பெயர் சூட்டி அரசே காத்துநின்ற ஒழுங்கு. மதம் ஒரு பக்கம், சட்டம் எதிர்ப்பக்கம் என்ற நிலையே அன்று கிடையாது. இரண்டும் ஒரே பக்கம்தான்.

திருச்செந்தூர் திருப்பம்

1833-ல் கடுமையாக நோயுற்றிருந்த முத்துக்குட்டியைத் திருச்செந்தூருக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே கடலுக்குள் சென்றவர் வைகுண்டராக வெளிவந்தார் என்பது அய்யாவழி மக்களின் நம்பிக்கை. அந்த நாளான மாசி 20-ஐ இன்றும் அவதார தினமாகக் கொண்டாடுகிறார்கள். அன்று குமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை என்பது அங்கே படித்தவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்.

ஊர் திரும்பியவர் செய்த வேலைகளைப் பார்த்தால், ஒவ்வொன்றும் ஒரு தடைக்கு நேர் பதில்.

கிணறு: பொதுக் கிணறு மறுக்கப்பட்டவர்களுக்கு முத்திரிக் கிணறு உருவானது. எல்லாச் சாதியினரும் அதே தண்ணீரில் குளித்தார்கள், அதையே குடித்தார்கள்.

பந்தி: பல சாதியினரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் சமபந்தி.

தலைப்பாகை: மேல்சாதியினர் முன் தலைத்துணியை அவிழ்த்து நிற்க வேண்டிய காலத்தில், தன்னைப் பின்பற்றும் ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் வழிபட வேண்டும் என்றார். முடி என்ற சொல்கூட மறுக்கப்பட்டவர், எல்லோர் தலையிலும் முடி சூட்டினார்.

கண்ணாடி: பதிகளில் சிலை இல்லை, கண்ணாடி வைக்கப்பட்டது. கும்பிட வருகிறவர் முதலில் பார்ப்பது தன் முகத்தை.

110 நாள் சிறை

கூட்டம் சேரச் சேர புகார்களும் சேர்ந்தன. சுவாதித் திருநாள் ஆட்சியில் வைகுண்டர் கைது செய்யப்பட்டு, திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் 1838-39-ல் சுமார் 110 நாட்கள் அடைக்கப்பட்டார்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சொந்தச் சாதியினரை மட்டும் கூட்டுவதாக எழுதிக்கொடுத்தால் விடுதலை என்று நிபந்தனை வைக்கப்பட்டதாகவும், அவர் மறுத்துவிட்டதாகவும் அய்யாவழி மரபு சொல்கிறது. ஒரு சாதி தனக்குள் எப்படி வேண்டுமானாலும் கும்பிட்டுக்கொள்ளலாம்; எல்லோரையும் ஒரே கிணற்றடியில் நிறுத்துவதுதான் குற்றம். அந்த நிபந்தனையின் அர்த்தம் அதுதான். கையெழுத்துப் போட்டிருந்தால் அவருக்கு வழிபாட்டுச் சுதந்திரம் கிடைத்திருக்கும், சமத்துவம் போயிருக்கும்.

எதிர்ப்பு அரண்மனையிலிருந்து மட்டும் வரவில்லை. நாகர்கோவில் பகுதியில் பள்ளிகள் நடத்தி, மதம் மாறியவர்களின் மேலாடை உரிமைக்கும் துணைநின்ற லண்டன் மிஷன் பாதிரியார்கள், இவரைப் போட்டியாகப் பார்த்தார்கள். மதம் மாறாமலேயே மரியாதை வேண்டும் என்பது அவர்களுக்கும் சிக்கலாக இருந்தது.

1841-ல் அவருடைய சீடர் அரிகோபாலன் அகிலத்திரட்டு அம்மானையை எழுதினார். 1851-ல் வைகுண்டர் மறைந்தார்.

கிணற்றிலிருந்து அரசமைப்புச் சட்டம் வரை

அவர் இறந்து 8 ஆண்டுகள் கழித்து, 1859-ல்தான் நாடார் பெண்களின் மேலாடை உரிமையை அரசு ஏற்றது. கோயில் தெருக்களில் நடக்க 1926-ல் சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-ல்.

1950-ல் வந்த அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவைப் படித்தால் இந்த வரலாறு முழுக்கத் தெரியும். மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் காரணமாகக் கடை, உணவகம், விடுதி, பொழுதுபோக்கு இடங்களுக்குள் யாரையும் தடுக்கக் கூடாது. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் அல்லது பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்ட கிணறு, குளம், படித்துறை, சாலைக்கும் அதே விதிதான். பெரும்பாலான அடிப்படை உரிமைகள் அரசைத்தான் கட்டுப்படுத்தும். இந்தப் பிரிவு தனியார் கடைக்காரரையும் கட்டுப்படுத்துகிறது. 2011-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதில் உள்ள கடை என்ற சொல்லுக்கு, பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் இடங்கள் வரை விரிவான பொருள் தந்தது. 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ல் வந்த சட்டம், தீண்டாமையின் பேரில் கடையிலோ கிணற்றிலோ ஒருவரைத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

அப்போ மதச் சுதந்திரம்? 25-வது பிரிவு அதைத் தருகிறது. ஆனால் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம், மற்ற அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்கு உட்பட்டே தருகிறது. என் நம்பிக்கைப்படி நான் கும்பிடலாம், விரதம் இருக்கலாம், தலைப்பாகை கட்டலாம். அதையே காரணமாகக் காட்டி, கடைக்கு வந்தவரைச் சாதி பார்த்தோ மதம் பார்த்தோ திருப்பி அனுப்ப முடியாது.

சட்டம் இருக்கிறது என்பதால் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. இரட்டைக் குவளை டீக்கடைகளும், மதம் கேட்டு வீடு மறுக்கும் உரிமையாளர்களும் இன்னும் செய்திகளில் வருகிறார்கள். வாடகை வீடு கடையோ விடுதியோ இல்லை என்பதால், 15(2) அங்கே எவ்வளவு தூரம் எட்டும் என்பதும் தெளிவாகவில்லை.

நம்பிக்கையா, சமத்துவமா என்று இன்று விவாதிக்கும்போது இரண்டையும் எதிரிகளாகவே நிறுத்துகிறோம். வைகுண்டருக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. அவர் மதத்தின் பெயரால்தான் பேசினார். ஒருவரையும் விலக்க அதைப் பயன்படுத்தவில்லை. முத்திரிக் கிணறு இன்றும் சாமித்தோப்பில் இருக்கிறது. வருகிறவரிடம் யாரும் சாதி கேட்பதில்லை.