அலமாரியில் தூங்கிய மருந்து!

டாக்டர் பால் எர்லிக் 1854-ம் ஆண்டு மார்ச் 14-ந்தேதி ஸ்டிரேலன் என்ற ஊரில் பிறந்தார். அன்று பிரஷ்யாவில் இருந்த அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது.

படிக்கும்போதே அவருக்குச் சாயப் பைத்தியம்! மேஜை எல்லாம் வர்ணக் கறை. ஒரு சாயம் நரம்பில் ஏறும்; பக்கத்துச் சதையில் ஏறாது. அப்படியானால், கிருமியை மட்டும் பற்றிக் கொன்று, நோயாளியைத் தொடாத மருந்தும் இருக்கலாம் அல்லவா? அதைத் தேடுவதே அவருடைய வேலை ஆயிற்று.

அந்த நாளில் மேகநோய் குடும்பங்களையே அழித்தது. கணவனிடம் இருந்து மனைவிக்கும், வயிற்றுப் பிள்ளைக்கும் தொற்றியது. பாதரசம்தான் வைத்தியம். பல் விழும், நோய் போகாது.

ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரில், ஸ்பையர் என்ற செல்வரின் விதவை கொடுத்த பணத்தில் 1906-ல் எர்லிக்குக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடம் கிடைத்தது. அங்கே பெர்தைம் என்ற ரசாயன நிபுணர் பாஷாணத்தில் இருந்து புதுப்புது மருந்துகள் செய்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். ஒவ்வொன்றையும் நோய் கண்ட பிராணிக்கு ஊசி போட்டுப் பார்க்க வேண்டும். சில மருந்துகளில் கிருமி சாகும். பிராணியும் சேர்ந்து சாகும்!

606-ம் நம்பர் மருந்து 1907-ல் தயாரானது. சோதித்த உதவியாளர், பயன் இல்லை என்று ஒதுக்கிவிட்டார். மருந்து அலமாரியில் தூங்கியது.

1909-ல் ஜப்பானில் இருந்து சகாசிரோ ஹாட்டா வந்தார். முயலுக்கு மேகநோயை உண்டாக்கி ஆராயத் தெரிந்தவர். மகா பொறுமைசாலி. ஒதுக்கியவற்றையும் விடாமல் சோதிக்கும்படி எர்லிக் சொன்னார். 606-ன் முறை வந்தது. ஊசி போட்ட மறுநாள், முயலின் புண்ணில் உயிருள்ள கிருமியைக் காணோம்! சில வாரங்களில் புண்ணும் ஆறியது.

1910-ல் சுமார் 65 ஆயிரம் ஊசிகளுக்கான மருந்து டாக்டர்களுக்கு இலவசமாகப் போயிற்று. 'சால்வர்சான்' என்று அதற்குப் பெயர். ஆனால் காற்றுப் பட்டால் அது கெடும். கரைப்பதும் கஷ்டம். ஊசி போட்டவர்களில் சிலர் இறந்தார்கள். தூற்றல் கிளம்பியது, 1914-ல் வழக்கும் நடந்தது. அவதூறு கூறியவர் தண்டனை பெற்றார். எர்லிக்கோ உடல் நலிந்து, 1915 ஆகஸ்டு 20-ந்தேதி காலமானார்.

1940-களில் பென்சிலின் வந்ததும் 606 ஓய்வு பெற்றது. உயிரணுவின் மேல் பிடிகள் உண்டு, நஞ்சும் மருந்தும் அவற்றைப் பற்றியே வேலை செய்கின்றன என்று எர்லிக் கூறிய கருத்து மட்டும் ஓய்வு பெறவில்லை. எய்ட்ஸ் வைரசும் இப்படி ஒரு பிடியைப் பற்றித்தான் உயிரணுவுக்குள் நுழைகிறது. அந்தப் பிடியை மறைத்து, வைரசை வாசலிலேயே நிறுத்தும் 'மாராவிராக்' மாத்திரை 2007-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும் ஆயிரக்கணக்கான பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பிடித்ததுதான்.