பொன்னகர் தேடிய றாலி

தென் அமெரிக்காவிலே, பொற்றுகள் பூசிய மேனியனாய் ஏரியில் நீராடும் மன்னன் ஒருவன் உளன் என்னும் கதை 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியரிடையே பரவிற்று. எல் டொராடோ என்னும் அவன் பெயர் நாளடைவில் ஒரு பொன்னகரின் பெயராயிற்று. அந்நகரை நாடி அழிந்தோர் பலர். அவருட் புகழ் மிக்கவர் ஆங்கிலேயரான சேர் வால்ரர் றாலி.

முதலாம் எலிசபெத்து அரசியின் அருளுக்குப் பாத்திரராயிருந்த றாலி, 1595இல் ஒறினோக்கோ ஆற்றின் வழியே சென்று, பொன்னகரைக் காணாது மீண்டார். ஆயினும் அடுத்த ஆண்டிலே கயானா நாட்டின் பொன்வளத்தைப் புகழ்ந்து நூல் வெளியிட்டார். 1603இல் முதலாம் ஜேம்ஸ் அரியணை ஏறியபின், இராசத்துரோகக் குற்றத்திற்காக அவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. அது நிறைவேற்றப்படாமையால், இலண்டன் கோபுரத்திலே 13 ஆண்டுகள் சிறையிருந்தார். அவர் ஆங்கு எழுதிய உலக வரலாறு 1614இல் வெளிவந்தது.

ஈற்றில் அவரைச் சிறைமீட்டது அப்பொற்கதையே. சுரங்கம் ஒன்றைக் காட்டுவதாக அவர் உறுதி கூற, பொருள்முட்டுற்றிருந்த அரசன், ஸ்பானியருக்குத் தீங்கிழைத்தல் ஆகாது என்னும் நிபந்தனையுடன் 1616இல் அவரை விடுவித்தான். மறு ஆண்டு கப்பலேறிய றாலி நோயுற்றுத் திரினிடாட்டிலே தங்க, அவர் மைந்தனும் நண்பர் கீமிசும் ஆற்றின்மேற் சென்றனர். 1618 சனவரியில் ஸ்பானியரின் சான்தோமே என்னும் ஊரிலே நிகழ்ந்த போரில் மைந்தன் மாண்டான், சுரங்கமோ அகப்படவில்லை. றாலி கடிந்துகொள்ளவே, கீமிஸ் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். நாடு திரும்பிய றாலி, பழைய தீர்ப்பின்படியே அவ்வாண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி சிரச்சேதஞ் செய்யப்பட்டார்.

அந்நாட்டு மண்ணிலே பொன் இல்லாமலில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆங்குத் தோன்றிய சுரங்கங்கள் மிகுபொன் தந்தன. இல்லாதது பொன்னகரே. கோபுரச் சிறையினின்றும் விடுபட்ட றாலிக்கு, தாம் கூறிய கதையினின்றும் விடுபட வழியில்லாது போயிற்று.