தேனீக்களின் ஆசான் அந்தோன் யான்ஷா

அரசரும் படைத்தலைவரும் பெற்ற புகழைப் பலரும் அறிவர். ஒரு சிற்றுயிரின் இயல்பை நுணுகிக் கண்டு, கண்டதைப் பிறர்க்குக் கற்பித்து, அவ்வொன்றினாலேயே பெயர் நிலைபெற்றோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் அந்தோன் யான்ஷா என்பவர். அவருடைய வரலாற்றை நம் மாணவர் அறிதல் நலமெனக் கருதி, ஈண்டுச் சுருக்கமாக வரையத் துணிந்தோம்.

இப்பொழுது ஸ்லொவேனியா எனப்படும் நாட்டின் ஒரு பகுதி, அக்காலத்தில் கார்னியோலா என்னும் பெயருடன் ஆஸ்திரிய அரச குலத்தாரின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. ஆல்ப்ஸ் மலையை அடுத்த அந்நாட்டில், பிரெஸ்னிட்ஸா என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் யான்ஷா பிறந்தார். அவர் ஞானஸ்நானம் பெற்ற நாள் 1734-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் தேதி. அவருடைய தந்தையார் நூற்றுக்கு மேற்பட்ட தேன்பெட்டிகளை வைத்துப் பேணியவர். அயலிலுள்ள குடியானவர்கள் ஒன்றுகூடி, உழவைப் பற்றியும் தேனீக்களைப் பற்றியும் அளவளாவுவது அவ்வூர் வழக்கம். ஆகவே தேனீ வளர்ப்பு அவருக்கு ஏட்டுக் கல்வியாக வந்ததன்று. குடும்பத் தொழிலாகவே வந்து வாய்த்தது.

ஆயினும் இளமையில் அவர் மனம் பற்றியது ஓவியக் கலையே. அவரும் அவருடைய சகோதரர்களும் சித்திரம் வரைவதில் பேரார்வம் உடையவர்கள். 1766-ஆம் ஆண்டில் அவர்கள் வியன்னா நகரஞ்சென்று, அங்குள்ள செதுக்கோவியப் பள்ளியிற் சேர்ந்தனர். சகோதரருள் ஒருவரான லோவ்ரோ பிற்காலத்தில் இயற்கைக் காட்சி ஓவியராகப் பெயர்பெற்று, அந்நகரக் கலைக் கழகத்தில் ஆசிரியராகவும் விளங்கினார். அந்தோனுக்கும் அவ்வழி திறந்தேயிருந்தது. எனினும், பிறந்த மண்ணிற் கற்ற தொழில் அவரை மீண்டும் தன்பால் ஈர்த்தது. 1769-ஆம் ஆண்டு முதல் அவர் தேனீ வளர்ப்பிலேயே முழுதும் ஈடுபடலானார்.

அக்காலத்தில் ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரேஸா அரசியார், குடிகளின் உழவுத் தொழிலை உயர்த்த வேண்டுமென்னும் கருத்துடையவர். அவர் வியன்னாவில் தேனீ வளர்ப்பைக் கற்பிக்க ஒரு பள்ளியை ஏற்படுத்தி, 1770-ஆம் ஆண்டில் யான்ஷாவை அதன் முதல் ஆசிரியராக நியமித்தார். உழவர் மகனொருவர், அரசியாரின் ஆணையால், தம் தந்தையாரின் தொழிலுக்கே ஆசிரியராயினார். ஔகார்ட்டன் என்னும் அரச பூங்காவில் தேன்பெட்டிகளை வைத்து அவர் பாடம் நடத்தினார். அதனோடமையாது, நாட்டின் பல பாகங்களுக்குஞ் சென்று மக்களுக்கு விளக்கினார்.

அவர் கற்பித்தவற்றுள் தலையாயது தேனீக்கள் கூட்டம் பிரியும் முறையாகும். 1771-ஆம் ஆண்டில் ஜெர்மன் மொழியில் அவர் வெளியிட்ட முதல் நூலின் பொருளும் அதுவே. இதன் அருமையை உணர வேண்டுமாயின், அந்நாளைய வழக்கத்தைச் சிறிது நினைவு கூர்தல் வேண்டும். அடைகளைச் சேதமின்றி எடுத்து மீளவும் வைக்கத்தக்க பெட்டி அக்காலத்தில் இல்லை. ஐரோப்பாவில் வைக்கோலால் முடைந்த கூடுகள் வழங்கிய பல இடங்களில், தேன் எடுக்கும் பருவம் வந்ததும் குழியிற் கந்தகத்தைக் கொளுத்தி, அதன் மேற் கூட்டை வைத்து, உள்ளிருக்கும் ஈக்களை ஒருங்கே மாய்த்துவிட்டுத் தேனைக் கவர்ந்தனர். ஆண்டு முழுதும் உழைத்த உயிர்களுக்கு அவர்கள் அளித்த கூலி அதுவே. இவ்வாறு அழிந்த குடிகளுக்கு ஈடாகப் புதுக் குடிகள் வேண்டுமாயின், பிரிந்து செல்லும் கூட்டங்களைப் பிடித்துக் குடியேற்றுவதே வழி. ஆதலால், மரக்கிளையில் தொங்கும் ஒரு கூட்டத்தைக் காப்பதும் கைவிடுவதும் உழவனுக்குப் பெரிய காரியமாயிருந்தன.

கூட்டம் பிரியும் விதம் வியப்புக்குரியது. வசந்த காலத்தின் பிற்பகுதியில் கூடு நிரம்பி நெருக்கம் மிகும்பொழுது, வேலைக்கார ஈக்கள் புதிய இராணிக்கென அறைகளைக் கட்டுகின்றன. அப்புதியவள் வெளிவருமுன்னரே, பழைய இராணி பெரும்பாலான ஈக்களுடன் வீட்டை விட்டுப் புறப்படுகிறாள். கட்டிய வீட்டையும் சேர்த்த செல்வத்தையும் இளையவளுக்கு விட்டு, முதியவளே வெளியேறுகிறாள் என்பது நாம் எண்ணி மகிழத்தக்கது. புறப்படும் ஈக்கள் வயிறு நிரம்பத் தேனுண்டு செல்வதாலும், காக்க வேண்டிய குஞ்சும் தேனும் அவற்றிற்கு இல்லாமையாலும், அவை அப்பொழுது கொட்டுவது அரிது. அருகிலுள்ள கிளையொன்றில் அவை கொத்தாகத் தங்க, ஒற்றர் ஈக்கள் மரப்பொந்து முதலிய இடங்களை நாடிச் செல்கின்றன. தக்க இடம் வாய்த்ததும் கூட்டம் பறந்துவிடும். வாய்க்காவிடின் மழையிலும் குளிரிலும் அழிந்துபோகும்.

அந்த இடைவேளையே தேனீ வளர்ப்போனுக்குரிய வேளை. வெறும் பெட்டியைக் கிளையின் கீழ்ப் பிடித்து, கிளையை ஒருமுறை உலுக்கினால் கூட்டம் உள்ளே விழும். இராணி உள்ளே சேர்ந்துவிட்டாளாயின், ஏனைய ஈக்கள் வாயிலில் நின்று சிறகசைத்து மணம்பரப்ப, வெளியே பறப்பனவும் தாமே வந்து சேரும். மாலையில் யாவும் அடங்கியபின் பெட்டியை உரிய இடத்திற்குக் கொண்டுசெல்லலாம். கார்னியோலா நாட்டுத் தேனீ, சாந்த குணமும் அடிக்கடி கூட்டம் பிரியும் இயல்பும் உடையது. ஆதலின் யான்ஷா இவற்றையெல்லாம் சிறு வயது முதலே கண்ணாரக் கண்டவர்.

கண்டதையன்றிக் கேட்டதை அவர் நம்பினாரல்லர். ஆண் ஈக்கள் தண்ணீர் சுமப்பவை என்று அந்நாளிற் பலர் கருதியதை அவர் மறுத்தார். இராணி வான்வெளியிலேயே ஆண் ஈயைக் கூடுகிறாள் எனவும் அவர் கொண்டார். அது மெய்யென்பதைப் பின்வந்த ஆராய்ச்சி நிலைநாட்டிற்று. ஒன்றன்மேலொன்று அடுக்கத்தக்கவாறு பெட்டிகளின் அளவையும் வடிவையும் திருத்தினார்; பூக்கள் மலியும் இடங்களுக்கு அவற்றை வண்டியிலேற்றிச் செல்லும் முறையையும் ஆதரித்தார். ஓவியராதலின், பெட்டிகளின் முகப்பில் வண்ணச் சித்திரங்களையும் தீட்டினார். இளமையிற் கற்ற கலையும் வீணாகவில்லை.

இவ்வளவும் செய்ய அவருக்குக் கிடைத்த காலம் மிகக் குறுகியது. ஆசிரியப் பதவியேற்ற மூன்றாம் ஆண்டில், 1773 செப்டம்பர் 13-ஆம் நாள், விஷக்காய்ச்சலால் வியன்னாவில் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 39. அவருடைய முழு நூல் அச்சேறவில்லை. ஆசிரியரோடு பாடமும் மறைந்துவிடுமோ என்னும் நிலை அன்றிருந்தது. ஆயின், அந்நூல் 1775-ஆம் ஆண்டில் வெளிவந்தது. தேனீ வளர்ப்பைக் கற்பிப்போர் யாவரும் யான்ஷாவின் நூல்களையே பின்பற்ற வேண்டுமென அரசியார் கட்டளையிட்டார்.

ஸ்லொவேனியா நாட்டார் முயற்சியால், ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2017-ஆம் ஆண்டில் மே 20-ஆம் நாளை உலகத் தேனீ நாளாக அறிவித்தது. நம் நாட்டிலும் இத்தொழில் கல்விச்சாலையோடு தொடர்புடையதே. திருச்சிராப்பள்ளி புனித சூசையப்பர் கல்லூரியைச் சார்ந்த நியூட்டன் பாதிரியார் 1911 முதல் 1917 வரை கிராமத்தார் பலரைப் பயிற்றி, நம் நாட்டு ஈக்கு ஏற்ற பெட்டியையும் அமைத்தார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

நம் விடுதித் தாழ்வாரத்திலோ தோட்டத்து மாமரத்திலோ ஒரு தேனீக் கூட்டம் வந்து தங்குமாயின், உடனே தீப்பந்தத்தை நாடுவது நம்மவர் வழக்கம். அவ்வேளையில் தொழிலறிந்தவரை அழைத்து, அக்கூட்டத்தைப் பெட்டியிற் குடியேற்றச் செய்வோமாக. தீயிட்டால் ஒரு நாள் அச்சம் தீரும். குடியேற்றினாலோ ஆண்டுதோறும் தேனும், தோட்டமெங்கும் காய்ப்பும் பெருகும். யான்ஷாவின் மாணவரென நம்மையும் சொல்லிக்கொள்ள அத்துணையே போதும்.