கூலியாளின் உடையில் வந்தவர்

நூற்றாண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தாருங்கள் என்று சங்கத்தார் எங்கள் வகுப்புக்காரரைக் கேட்டபோது, யாரை எழுதுவது என்பதில் எங்களுக்குள் சண்டையே வரவில்லை. மாத்தளையிலும் கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலுமாகச் சிதறிக் கிடக்கும் நாங்கள் எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னோம். ஞானோபதேச வகுப்பிலே முதன்முதல் கேட்ட அந்தக் கதை அப்படி எங்கள் மனதில் ஒட்டிக்கொண்டிருந்தது. யோசேவ் வாஸ் அடிகளார் ஒரு கூலியாளைப்போல உடுத்திக்கொண்டு இலங்கைக்கு வந்தார் என்று ஆசிரியை சொன்ன நிமிடம், தோட்டத்து லயங்களிலிருந்து நடந்து பள்ளிக்கு வந்த எங்களிற் பலர் தலையை நிமிர்த்தினோம். அந்தச் சொல் எங்கள் காதுக்குப் புதிதல்ல. கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் எங்களைச் சுட்டிச் சொல்லப்பட்ட சொல் அது. அதை ஒரு குருவானவர் வேண்டுமென்றே உடுத்திக்கொண்டார் என்பதை அன்றுதான் கேட்டோம்.

அவர் பிறந்தது கோவாவில், 1651 ஏப்ரல் 21 இல். கொங்கணிப் பிராமண குலத்திலிருந்து கிறிஸ்தவர்களான குடும்பம். போர்த்துக்கேய மொழியும் இலத்தீனும் கற்று, 1676 இல் குருவானார். பிறகு கன்னட நாட்டில் சில ஆண்டுகள் ஊழியம் செய்துவிட்டு கோவாவுக்குத் திரும்பி, அங்கே ஒராத்தோரியன் சபையைச் சுதேசக் குருக்களோடு கட்டியெழுப்பினார். சபைக்குத் தலைவரும் அவர்தான். சாகும்வரை அங்கேயே இருந்திருக்கலாம். நல்ல குரு, நல்ல பிரசங்கி என்ற பெயர் நிலைத்திருக்கும். எங்கள் கதைக்கு அவர் வந்திருக்கமாட்டார்.

இலங்கையில் நிலைமை வேறாக இருந்தது. 1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை விதித்திருந்தார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகச் சனங்கள் குருவானவரும் பூசையும் இல்லாமல் இருந்தார்கள். இதைக் கேள்விப்பட்டபின் யோசேவ் வாஸுக்கு கோவாவில் இருப்புக் கொள்ளவில்லை. தலைமைப் பதவியை விட்டுவிட்டு, யோவான் என்ற ஓர் இளைஞனை மட்டும் கூட்டிக்கொண்டு, 1686 இல் புறப்பட்டார். (இந்த யோவானைப் பற்றி எங்களுக்கு எப்போதும் ஒரு ஆதங்கம் உண்டு. படங்களில் அவனுக்கு இடமே இல்லை.)

குருவின் அங்கியோடு வந்தால் கரையிலேயே பிடிபடுவார். ஆகவே அதைக் களைந்து, இடுப்பில் ஒரு துண்டோடு கூலியாளாக மாறினார். 1687 இல் தூத்துக்குடியிலிருந்து தோணியேறி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது, கடலில் பட்ட பாட்டாலும் பட்டினியாலும் வயிற்றுளைச்சல் கண்டு, எழுந்து நிற்கவும் மாட்டாமல் கிடந்தார். சற்றுத் தேறியதும் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். செபமாலையை யார் கண்கள் தேடிப் பார்க்கின்றன என்று கவனிப்பார். அந்த வீட்டார் மறைவாகக் கத்தோலிக்கராக இருப்பவர்கள் என்று அறிந்துகொள்வார். கடலைக் கடந்தது பெரிய காரியந்தான். ஆனால் எங்களுக்கு அதைவிடப் பெரிதாகப்பட்டது, கல்விமான் ஒருவர் பிறர் வாசலில் கையேந்தி நின்றதே. மற்றவர்கள் நம்மைக் கீழாகப் பார்க்கும்போது எப்படி இருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அவர் அதைத் தானாகத் தேடிப்போய் அனுபவித்தார்.

சில்லாலையில் தங்கி, இரவில் பூசை, பகலில் மறைவு என்று காலம் போயிற்று. ஒல்லாந்தர் மோப்பம் பிடித்துத் தேடத் தொடங்கியபின், 1690 அளவில் கண்டி அரசனின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்துக்கு வந்தார். அங்கிருந்து 1692 இல் கண்டிக்குப் புறப்பட்டார். அங்கே அவருக்குக் கிடைத்தது சிறை. போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று அரண்மனையில் கோள் சொல்லப்பட்டிருந்தது. இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைக் காவலில் வைத்தான்.

அந்தக் காவலில் அவர் செய்ததுதான் ஆசிரியைகளாகப் போன எங்களிற் சிலருக்கு மிகவும் பிடித்த பகுதி. சிங்களம் படித்தார்! தமிழை ஏற்கெனவே கற்றிருந்தார். நாற்பது வயது கடந்த மனிதர் சிறையில் உட்கார்ந்து, தன்னைச் சந்தேகிக்கும் மக்களின் மொழியை எழுத்துக்கூட்டிப் பழகினார். மாத்தளையில் இரண்டு மொழிகளுக்கும் நடுவே வளர்ந்தும், பக்கத்து வீட்டாரோடு பத்து வசனம் பேசத் தயங்கிய எங்களுக்கு இதை எழுதும்போது கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

1693 இல் நாட்டில் கடும் வரட்சி. மழைக்காக அவர் வெளியில் பீடமும் சிலுவையும் வைத்து மன்றாடியதாகவும், மழை கொட்டியதாகவும், அரசன் அதன்பின் அவரை விடுவித்ததாகவும் வரலாறு சொல்கிறது. சிறுபிள்ளைகளாக இருந்தபோது எங்களுக்கு இதுதான் கதையின் உச்சம். இப்போது எங்களுக்குப் பெரிதாகத் தெரிவது அடுத்து வந்த 1697 ஆம் ஆண்டு. கண்டியில் அம்மை பரவியது. அரசனும் பிரபுக்களும் நகரை விட்டுப் போய்விட்டார்கள். நோயாளிகளைச் சொந்தக்காரரே காட்டோரம் கொண்டுபோய் விட்டார்கள். அடிகளாரும், கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த அவருடைய உறவினரான கார்வாலோ அடிகளாரும் அந்த நோயாளிகளுக்குக் குடிசை போட்டு, உணவும் மருந்தும் கொடுத்து, புண்களைக் கழுவி, இறந்தவர்களைப் புதைத்தார்கள். நோயாளி எந்த மதம் என்று பார்க்கவில்லை. வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் அயலார் காலடி வைக்க அஞ்சுவதை எங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள் நாங்கள். ஆகவே வகுப்பிலிருந்த சைவப் பிள்ளைகளுக்கும் இந்தப் பகுதியை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு திருச்சபை அவரை உயர்ந்த பதவிக்கு அழைத்தபோது மறுத்துவிட்டார். கண்டியிலேயே 1711 ஜனவரி 16 இல் இறந்தார். அவரை அடக்கம் செய்த இடம் எது என்று இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

எங்கள் மாவட்டத்துக்கும் இந்தக் கதைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். கலேவெல பக்கம் வஹக்கோட்டை அந்தோனியார் கோவிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். போர்த்துக்கேய வழிவந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் சிங்களக் கத்தோலிக்கர்கள் கண்டி இராச்சியத்தின் நடுவில் விசுவாசத்தைக் காத்த ஊர் அது. இப்படிச் சிதறிக் கிடந்த சனங்களைத் தேடித்தான் அவர் காடும் மலையும் நடந்தார். இன்னொரு தொடர்பும் உண்டு, அது எங்களுடையது. அவர் காலத்துக்கு நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, கோப்பித் தோட்டங்களுக்காக எங்கள் முன்னோர் அதே கடலைக் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். 1880 இல் புகையிரதம் மாத்தளைக்கு வருமுன் வந்தவர்கள் எல்லோரும் நடந்தவர்களே. வழியில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் விழுந்தவர்களுக்கும் கல்லறை இல்லை. அவர்கள் அந்த உடையைத் தெரிந்தெடுக்கவில்லை. அந்த வித்தியாசத்தை நாங்கள் மறக்கவுமில்லை.

2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது எங்களில் ஏழு பேர் அங்கே இருந்தோம். இருவர் சைவர். முதல்நாள் இரவே போய்ப் புல்லில் உட்கார்ந்திருந்தோம். ஒருத்தியின் அம்மா, எழுபது வயதுக்கு மேல், கொழுந்து எடுத்தே காய்த்துப்போன விரல்களால் செபமாலையை உருட்டிக்கொண்டே இரவைக் கழித்தார். பூசை முடிந்ததும் அவருக்கு ஒரே அவசரம். மறுநாள் தைப்பொங்கல், பக்கத்து லயத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பானை வைப்பதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். அன்றிரவே பஸ் பிடித்து மாத்தளைக்குத் திரும்பினோம்.