மறைக்கல்வியை வாழ்வாக்கிய யோசப் வாஸ் அடிகளார்

வன்னிக் காடுகளின் நடுவே அமைந்துள்ள மடுத் திருத்தலம், தஞ்சம் தேடி வந்த மக்களின் வரலாற்றைக் கொண்டது. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினர். அவர்களுக்குப் புகலிடம் கொடுப்போருக்கு மரண தண்டனை எனவும் அறிவித்தனர். மாந்தையிலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் 1670 அளவில் மாதாவின் திருச்சொரூபத்துடன் இக்காட்டுப் பகுதிக்கு வந்தன என்பது மரபு.

ஏறத்தாழ 30 ஆண்டுகள் குருமார் இல்லாத நிலை நீடித்தது. 1651 இல் கோவாவில் பிறந்த யோசப் வாஸ் அடிகளார், 1687 இல் கூலியாளின் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டு, விசுவாசிகளை இனங்கண்டார். சில்லாலையைத் தளமாகக் கொண்டு மறைவாகப் பணியாற்றினார்.

அருட்சாதனங்களை வழங்குவதோடு அவர் நின்றுவிடவில்லை. தமிழும் சிங்களமும் கற்று, மறையுண்மைகளை மக்களின் மொழியிலேயே போதித்தார். குருமார் மிகச் சிலரே இருந்த அக்காலத்தில், ஊர்தோறும் மூப்பரும் அண்ணாவியாரும் செபங்களை நடத்திச் சிறுவர்க்கு மறைக்கல்வி புகட்டினர். கோயில் இல்லாத ஊரிலும் கற்ற மறை நிலைத்து நின்றது.

1692 இல் கண்டி சென்ற அடிகளார், போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தில் சிறைவைக்கப்பட்டார். பின்னர் பௌத்த மன்னனான இரண்டாம் விமலதர்மசூரியனின் நன்மதிப்பைப் பெற்றார். 1697 இல் கண்டியில் வைசூரி பரவியபோது பலரும் நகரை விட்டு ஓடினர். அடிகளாரோ மதபேதமின்றி நோயாளரைப் பராமரித்தார். கைவிடப்பட்ட சடலங்களை அடக்கம் செய்தார். ஒவ்வொரு மனிதரிலும் இறைசாயல் உண்டு என்னும் போதனை அவரிடத்தில் செயலாயிற்று.

1705 இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், தமிழிலும் சிங்களத்திலும் மறைநூல்கள் பல இயற்றி அப்பணியைத் தொடர்ந்தார். 1711 ஜனவரி 16 இல் கண்டியில் இறையடி சேர்ந்த வாஸ் அடிகளாரை, பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரி 14 இல் கொழும்பில் புனிதராக அறிவித்தார். அன்றே மடுவுக்கும் சென்றார்.

மறைக்கல்வி முதல்நன்மைக்கான ஆயத்தம் மட்டுமன்று. இஸ்லாமியப் பெற்றோர் பிள்ளைகளைக் குர்ஆன் மத்ரஸாவுக்கும், சைவப் பெற்றோர் அறநெறிப் பாடசாலைக்கும் அனுப்புவது வாழ்வு நெறிப்பட வேண்டும் என்பதற்காகவே. போரினால் வீடும் கோயிலும் இழந்து மீண்டும் குடியேறிய வன்னி மக்களுக்கு இது புதிய செய்தியன்று. இடம்பெயரும்போது மனிதன் சுமந்து செல்லக்கூடியது அவன் கற்று உணர்ந்ததே. அதனைப் பிள்ளைகளுக்குக் கையளிப்பது ஒவ்வொரு குடும்பத்தினதும் கடமையாகும்.