திணை என்ற சொல்லை உலகுக்குக் கொண்டுபோன கரம்பன் அடிகளார்

பாடசாலையில் ஐந்திணைகளை நாம் எல்லோரும் பாடமாக்கினோம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஒப்புவித்தால் புள்ளி கிடைத்தது. ஐந்தும் செடிகொடிகளின், மரங்களின் பெயர்கள். அவை ஏன் நிலங்களுக்குப் பெயராயின என்ற கேள்வி, தனிநாயகம் அடிகளாரை வாசித்த பிறகே எனக்குள் எழுந்தது.

அடிகளார் 1913 ஆகஸ்ட் 2 அன்று ஊர்காவற்றுறைக்கு அருகே கரம்பனில் பிறந்தார். ஊர்காவற்றுறை, யாழ்ப்பாணம், கொழும்பு என்று படித்து ரோமுக்குச் சென்று 1938 இல் குருவானார். பல ஐரோப்பிய மொழிகள் அறிந்தவர், தமிழ் இலக்கியத்தை முறையாகக் கற்கத் தொடங்கியது அதன் பின்னர்தான். திருநெல்வேலியின் வடக்கன்குளத்தில் பணியாற்றியபோது ஒரு பண்டிதரிடம் பாடம் கேட்டார். 1945 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார்.

அங்கே அவர் ஆராய்ந்தது சங்கப் பாடல்களில் இயற்கை. அந்த ஆய்வு ஆங்கில நூலாகி, 1966 இல் 'நிலத்தோற்றமும் கவிதையும்' என்ற பொருள்படும் தலைப்போடு மறுபடி வெளிவந்தது. சங்கக் கவிஞர்கள் நிலத்தை வெறும் பின்னணியாக வைக்கவில்லை, மனிதரின் உணர்வையும் நிலத்தையும் ஒன்றாகவே கண்டார்கள் என்பதைத் தமிழ் அறியாதவர்களுக்கும் அது விளக்கியது.

திணை என்ற சொல்லே அதற்குச் சான்று. அகராதியைப் புரட்டினால் நிலம், இடம், வீடு, குலம், ஒழுக்கம் என்று பொருள்கள் வரிசையாக நிற்கின்றன. மண்ணையும் அதில் வாழும் மக்களையும் அவர்கள் வாழும் முறையையும் ஒரே சொல் குறிக்கிறது. நெய்தல் முதலில் நீரில் பூக்கும் ஒரு பூ. பிறகு அது கடலும் கடல்சார்ந்த நிலமும் ஆனது. அதற்குரிய உணர்வு இரங்கல்: கரையில் காத்திருப்பவரின் துயரம்.

சொற்களின் எழுத்து வரலாற்றையும் அடிகளார் தேடிப் போனார். அந்தம் தெ புரோயென்சா என்ற யேசுசபைக் குரு தொகுத்து, 1679 இல் கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சான தமிழ் – போர்த்துக்கேய அகராதியின் பிரதியை 1954 இல் வத்திக்கான் நூலகத்தில் கண்டார். 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அந்நூலை, மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது 1966 இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்.

1964 இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றவரும் அவரே. அதன் முதல் மாநாடு 1966 இல் கோலாலம்பூரில் நடந்தது. நான்காவது மாநாடு யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது, 1974 ஜனவரி 10 அன்று பொலிஸ் நடவடிக்கையினால் பொதுமக்கள் உயிரிழந்தார்கள். அந்த நாளின் நினைவு இன்றும் நம்மிடம் ஆறவில்லை.

1980 செப்டம்பர் 1 அன்று அடிகளார் யாழ்ப்பாணத்தில் காலமானார். 1990களின் தொடக்கத்தில் தீவகத்து ஊர்கள் ஆளில்லாமல் வெறிச்சோடியதை அவர் காணவில்லை.

இடம்பெயர்ந்தவர்களில் பலர் திரும்பவே இல்லை. காணி, வீடு, அயல், ஊர்வழக்கம் என்று நாம் தனித்தனியாகச் சொல்லும் இழப்புகள் எல்லாம் திணை என்ற ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. புலம்பெயர் நாடுகளில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஐந்திணை சொல்லிக்கொடுக்கும்போது, நெய்தல் என்றால் கரம்பன், வேலணை, நெடுந்தீவு, நயினாதீவு என்றும் சேர்த்துச் சொல்லுவோம்.